பதில் சொல்லாத பெட்டி

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு மலைமேல் குளிர் இறங்கிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. மிதித்தால் நொறுங்கியது. இனித் தைப்பூசம் வரை கீழேயிருந்து யாரும் குடிலுக்கு ஏறி வர மாட்டார்கள். குடிலில் இருப்பவர்களும் இறங்க மாட்டார்கள்.

குளிர்காலத்துக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடுவது குடிலை நடத்தும் தில்லையம்மாவின் வழக்கம். ஒரு தடவை காட்டுவார். அதற்குமேல் வாய் திறக்க மாட்டார். செய்கிறவன் எப்படிச் செய்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அது வேலையைப் பார்ப்பதா ஆளைப் பார்ப்பதா என்று யாருக்கும் பிடிபட்டதில்லை.

"அடுப்பு பொன்னுரங்கத்துக்கு," என்றார் அந்த வருஷம். "கார் அண்ணாச்சிக்கு."

அண்ணாச்சி என்றால் ஆவுடையப்பன். திருநெல்வேலிக்காரர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு மலையேறி வந்தவர். தில்லையம்மாவுக்கு வயது அவரைவிடக் குறைவு. தங்கை என்று சொல்லலாம். ஆனாலும் அவர் "அம்மா" என்று கைகட்டி நிற்பார். அம்மா "அண்ணாச்சி" என்று எழுந்து நிற்பார். புதிதாக வருகிறவர்கள் இதில் குரு யார், சீடர் யார் என்று கொஞ்ச நேரம் திண்டாடுவதுண்டு.

"காரை என்னம்மா செய்யணும்?"

"தைப்பூசத்தன்னைக்கு அது ஓடணும். அதுவரைக்கும் உயிரோட வச்சிருங்க."

தகரக் கொட்டகையில் வெள்ளைக் கார் நின்றது. தட்டிக்கு அந்தப் பக்கம் குடிலின் மாடு. சுவரில் ஆணியடித்து ஒரு சார்ஜர் பெட்டியை மாட்டியிருந்தார்கள். செங்கல் அளவு இருக்கும். முகத்தில் ஒரு முள். வயிற்றிலிருந்து இரண்டு வயர், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. நுனியில் பல் வைத்த கவ்விகள்.

"இந்தக் குளிர்ல பேட்டரி சும்மா நின்னாலே கொஞ்சம் கொஞ்சமா எறங்கும்," என்றார் அம்மா. "வண்டி நின்னாலும் உள்ள கடிகாரம் ஓடிட்டுதான இருக்கு. இந்தப் பெட்டிய மாட்டிவிட்டா மெதுவா ஏத்தும்."

"ஏறிருச்சுன்னா சத்தம் குடுக்குமா?"

"குடுக்காது."

"பின்ன எப்படித் தெரியும்?"

"முள்ளு சாயும். மெதுவா."

ஆவுடையப்பன் ஒரு நாள் பெட்டியை மாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தார். முள் சாய்ந்ததாகத் தெரியவில்லை. பெட்டியில் காது வைத்தார். ஏதோ ஒரு ரீங்காரம், அதுவும் குளிரில் தன் காது இரைவதுதானோ என்னவோ. மத்தியானத்துக்குள் அலுத்துவிட்டது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். "ஒண்ணும் பேச மாட்டேங்குதே," என்று பொன்னுரங்கத்திடம் சொன்னார்.

பிறகு தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தார்.

தினமும் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி, கொட்டகைக்கு வருவார். காருக்கு முன்னால் ஒரு துண்டு கற்பூரம் ஏற்றுவார். உள்ளே உட்கார்ந்து, கண்ணை மூடி, சாவியைத் திருப்புவார். கார் ஒரு தரம் முனகிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவர் முகம் மலரும். "இருக்கு," என்பார். அணைத்துவிடுவார்.

கற்பூரம் அணைவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவருடைய உத்தியோகமே அப்படித்தான். பெட்டி பெட்டியாக நடக்க வேண்டும். டிக்கெட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆள். நின்று பேசினால் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குள் போய்விடும். எத்தனையோ முகங்களை அவர் அண்ணாந்தும் குனிந்தும் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. அதைப் பெருமையாகவே சொல்வார்.

"ஏனுங்க அண்ணாச்சி, காருக்கு டிக்கெட் இருக்குங்களா?" என்பான் பொன்னுரங்கம், சமையலறைச் சன்னலிலிருந்து.

"கன்பார்ம்டே."

"பக்கத்து சீட்டு மாட்டுக்கு?"

"அது வெயிட்டிங் லிஸ்ட்டு."

அம்மா முற்றத்தில் கேரட்டுக்குத் தோல் சீவிக்கொண்டிருப்பார். சிரிக்க மாட்டார். "எப்படி இருக்கு கார்?" என்று மட்டும் கேட்பார்.

"நல்லா இருக்கும்மா. கேட்டேன். உடனே பதில் சொல்லுச்சு."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. குடிலுக்குப் பின்னால் ஒரு பாறை. அதன்மேல் ஏறி நின்றால்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். மலையில் மஞ்சு என்கிற பனிமூட்டம் இல்லாத நாளில் அங்கிருந்து கீழே சமவெளி தெரியும். மேட்டுப்பாளையத்தைத் தாண்டிப் புகைபோல ஓர் ஊர். அதுதான் அன்னூர் என்று பொன்னுரங்கம் காட்டியிருக்கிறான். அன்னூரில் ஒரு நூல்மில்லில் மாப்பிள்ளை சிவசுக்கு வேலை. மகள் கோமதி அங்கேதான் இருந்தாள். கல்யாணமாகி வெகு காலம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருந்தாள். பங்குனியில் பேறுகாலம்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன்ப்பா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"உடம்பப் பாத்துக்கோ. மாப்ள சொகமா?"

"ம்."

"சரி, வச்சிருதேன்."

பாறையிலிருந்து இறங்கும்போது அவருக்கு மனசு லேசாக இருக்கும். ஒரு கோடு போட்டாயிற்று.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் உடனே பேசவில்லை. "அப்பா," என்றாள். அப்புறம் மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது. அடுப்பு ஊதுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்துகொண்டிருந்தது. "மஞ்சு வருதும்மா, சிக்னல் போயிரும். நல்லா இருக்கேல்லா? சரி, வச்சிருதேன்," என்றார்.

வைத்துவிட்டார்.

அந்த மார்கழியிலேயே ஒரு நாள் அவர் அம்மா முன்னால் போய் நின்றார்.

"எனக்குக் காவி குடுங்கம்மா."

"எதுக்கு அண்ணாச்சி?"

"கட்டெல்லாம் அறுந்துபோச்சு."

"யாரு பாத்தாங்க?"

"நான்தான் பாத்தேன். தினமும் உள்ள பாக்கேன். முன்னல்லாம் கோமதிய நெனச்சா நெஞ்சு பதறும். இப்ப இல்ல. வாரத்துக்கொரு தடவ கேக்கேன். நல்லா இருக்கேங்கா. மனசு அதோட அடங்கிருது."

அம்மா கையிலிருந்த கேரட்டைச் சீவி முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

"தைப்பூசத்தன்னைக்குப் பவானிக்குப் போவோம். நீங்களே காரை ஓட்டுங்க. ஆத்துல முழுகிட்டு வாங்க. அங்க வச்சுப் பாக்கலாம்."

"தருவீங்கல்லா?"

"கார் ஓடணுமே."

"அது ஓடும்மா. தினமும் கேக்கேனே."

அன்றே ஒரு புது வெள்ளை வேட்டியைக் காவிக்கல் கரைத்த தண்ணீரில் முக்கினார். நிறம் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று மறுபடி முக்கினார். வெயில் இல்லாததால் அது காய நாளாயிற்று. காய்ந்ததும் மடித்து, அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதைச் சாமி அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு கொட்டகைக்குப் போகும்போதும் வரும்போதும் ஆவுடையப்பன் அந்த அலமாரியை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

தை பிறந்தது. பூசம் நெருங்கியது. ஒரு சாயங்காலம் தில்லையம்மா பாறைமேல் நின்றிருந்தார். போனில் அவர் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. அன்றும் பேசியதாகத் தெரியவில்லை. போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். மஞ்சு வந்து அவரை மூடியது. விலகியது. அப்போதும் அப்படியேதான் நின்றார். கஞ்சி ஆறிப்போய்ப் பொன்னுரங்கம் போய்க் கூப்பிட்டதற்குக் கையால் போ என்று சைகை காட்டினாராம்.

"யாருகிட்டடே அவ்வளவு நேரம்?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"தெரியலீங்க. அம்மா 'ம்'னுகூடச் சொல்லலீங்க."

பூசத்துக்கு முந்தின நாள் காலையில் ஆவுடையப்பன் வழக்கம்போல் கற்பூரம் ஏற்றினார். உட்கார்ந்தார். கண்ணை மூடிச் சாவியைத் திருப்பினார்.

டிக்.

கண்ணைத் திறந்தார். மறுபடி திருப்பினார்.

டிக்.

மூன்றாவது தடவை அந்தச் சத்தமும் இல்லை. ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம் எப்போதும் பச்சையாக மினுங்கும் கடிகாரம் அணைந்து கிடந்தது. வெளியே கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் உறைபனி மேல் ஓடினார்.

"அம்மா, கார் செத்துப்போச்சு."

"எப்ப?"

"இப்ப. நேத்துக்கூட நல்லா இருந்துச்சும்மா. நேத்துக்கூட கேட்டேன். உடனே பிடிச்சிச்சு."

அம்மா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவரோடு கொட்டகைக்கு வந்தார். முதலில் கற்பூரத்தைக் காலால் மண் தள்ளி அணைத்தார். பானட்டைத் தூக்கினார்.

"பிடிச்சதுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் ஓட விடுவீங்க?"

"எதுக்கு ஓட விடணும்? உயிர் இருக்கான்னு பாப்பேன். இருக்கும். அணைச்சிருவேன்."

"தினமுமா?"

"ஒரு நாள் தப்பினதில்ல."

"சாவியத் திருப்பினதும் பேட்டரி கையில இருக்கறதை அள்ளிக் குடுத்துரும், அண்ணாச்சி. அப்புறம் எஞ்சின் ஓடி ஓடித்தான் அதைத் திருப்பித் தரணும். அதுக்கு வண்டி மலைய எறங்கி ஏறணும். நீங்க வாங்கிட்டு அணைச்சிட்டீங்க. மறுநாளும் வாங்கிட்டு அணைச்சிட்டீங்க."

ஆவுடையப்பன் பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப நான் பாத்துப் பாத்துத்தான்…"

அம்மா கறுப்பு முனையைக் கழற்றினார். பிறகு சிவப்பு. முனைகளைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் போல ஏதோ பூத்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பேட்டரியை இறக்கி ஒரு பலகைமேல் வைத்தார்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவ்வளவு கனம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"நீங்க தினமும் பாத்துட்டுதானம்மா இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"பெட்டியக் காட்டினேன். அது ஒண்ணும் பேச மாட்டேங்குதுன்னு ஆணியில மாட்டிட்டீங்க."

ஆவுடையப்பன் தலை குனிந்தார். குனிந்தபடியே கேட்டார்.

"நாளைக்குப் பூசம். காவி என்னம்மா ஆகும்?"

அம்மா பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பேட்டரி மேல் இருந்த மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து உள்ளே பார்த்தார்.

"முந்தாநாள் கோமதிகிட்டப் பேசினேன்."

"எங்க கோமதிகிட்டயா? எதுக்கு?"

"காவி குடுக்கறதுக்கு முன்னாடி அவங்க வீட்ல ஒரு வார்த்தை கேக்கறது இங்க வழக்கம். உங்களுக்கு இருக்கறது அவ ஒருத்திதானே."

"என்ன சொன்னா?"

"தாராளமாக் குடுங்கன்னு சொன்னா."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அவ நல்ல புள்ளம்மா. தடுக்க மாட்டா."

"'புதுசா என்ன குடுக்கப் போறீங்க, அப்பா எப்பவோ போயாச்சே'ன்னு சொன்னா."



"அதுக்கப்புறம் அழுதா," என்றார் அம்மா. "ரொம்ப நேரம்."

"எதுக்கு அழணும்? நல்லாத்தான இருக்கா? போன ஞாயித்துக்கெழமகூடக் கேட்டேனே."

அம்மா கடைசி மூடியையும் திறந்து, எல்லா மூடிகளையும் வரிசையாகப் பலகையில் வைத்தார். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மார்கழி பொறந்ததும் குழந்தை தவறிருச்சு, அண்ணாச்சி."

தகரக் கூரையிலிருந்து உறைபனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா," என்றார். "நீங்க வேற யாருகிட்டயோ பேசிருக்கீங்க."

அம்மா பார்வையை எடுக்கவில்லை.

"நான் வாராவாரம் கேக்கேன். நல்லா இருக்கேன்னுதான் சொல்லுதா. சாப்ட்டேங்கா. போன வாரங்கூட… அதுக்கு முந்தின வாரம்…"

"பொம்பளப் புள்ளையாம். அவங்க அம்மா பேர வைக்கறதா இருந்தாளாம்."

ஆவுடையப்பன் காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லலியே."

"சொல்ல வந்தா. 'அப்பா'ன்னு கூப்பிட்டா. அதுக்குமேல வரல. நீங்க சிக்னல் போகுதுன்னு வச்சிட்டீங்களாம்."

மஞ்சு. அந்த மஞ்சு நன்றாக ஞாபகம் இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. அவள் மூச்சு விட்டதும் ஞாபகம் இருந்தது. அடுப்பு ஊதுகிறாள் என்று நினைத்தார். கேஸ் அடுப்பு வைத்திருக்கிற வீட்டில்.

"மாப்ள? அவராவது…"

"அவரையும் சொல்லக் கூடாதுன்னுட்டாளாம். என்னையும் சொல்ல வேண்டாம்னுதான் கேட்டுக்கிட்டா."

"ஏன்? நான் வந்துருக்க மாட்டேனா? உடனே எறங்கிருக்க மாட்டேனா?"

"வருவாருன்னு அவளுக்குத் தெரியும். 'வருவார். நல்லா இருக்கியான்னு கேப்பார். நான் இருக்கேன்னு சொல்லணும். சரின்னுட்டுப் போயிருவார். அம்மா செத்தப்பவும் காரியம் முடிஞ்ச மறுநாளே டூட்டிக்குப் போனாரு. இன்னொரு தடவ என்னால முடியாது'ன்னா."

அவர் மட்கார்டை விட்டார். பிறகு திடீரென்று ஞாபகம் வந்தவர்போல் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நடந்தே போறேன். மெயின் ரோட்டுக்குப் போனா பஸ் வரும். சாயங்காலம் அன்னூர் போயிருவேன். பாத்துட்டு, பூசத்துக்குள்ள வந்துருதேன். நீங்க வேற வண்டிக்குச் சொல்லி…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து குடிலுக்குள் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் சோடா உப்புக் கரைத்த தண்ணீர்ச் செம்பு. இன்னொரு கையில் அந்தக் காவி வேட்டி.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிலைமையைப் பார்த்து இப்போதே கொடுக்கிறார் என்று நினைத்தார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

அம்மா வேட்டியின் கரையைப் பல்லில் கடித்து இழுத்தார். நீளவாக்கில் சரசரவென்று கிழிந்தது.

அவர் கைகள் நீட்டியபடியே இருந்தன.

அம்மா திறந்திருந்த மூடிகளை மறுபடி இறுக்கித் திருகினார். கிழிந்த துண்டைச் சோடா தண்ணீரில் நனைத்தார். பேட்டரி முனையில் பூத்திருந்த பூசணத்தைத் தேய்த்துத் துடைத்தார். அது நுரைத்தது. துணி அழுக்குப் பச்சையானது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு துண்டு கிழித்தார். அமிலம் பட்ட இடத்தில் அந்தத் துணி கண் முன்னாலேயே வெளுத்து இற்றுக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் கைகளை இறக்கினார். தரையில் உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டீங்களா?" என்றார் அம்மா. "நல்லது. எந்திரிக்காதீங்க."

ஆணியிலிருந்து பெட்டியை எடுத்தார். முனைகளில் கவ்விகளைப் பொருத்தினார். ஸ்விட்சைப் போட்டார். கொட்டகைக் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்துவிட்டார்.

"பக்கத்துல நெருப்பு வேண்டாம். கற்பூரம், ஊதுபத்தி ஒண்ணும் ஆகாது."

"எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"அது காலியான அளவுக்கு ஆகும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"நடந்து போகணும்னா போகலாம். பாதை தொறந்துதான் கிடக்கு."

அம்மா போய்விட்டார்.

ஆவுடையப்பன் பாதையைப் பார்த்தார். பஸ், பிறகு இன்னொரு பஸ், பிறகு அன்னூர், பிறகு அந்த வீட்டு வாசல். கோமதி கதவைத் திறப்பாள். அதற்குமேல் என்ன என்று யோசித்தார். அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. நல்லா இருக்கியாம்மா.

அவர் எழுந்திருக்கவில்லை.

முள்ளைப் பார்த்தார். அசையவில்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டினார். நடுங்கிவிட்டு அதே இடத்துக்கு வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார். பிறகு இன்னொரு தடவை தட்டக் கையைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மனைவியைக் கிடத்தியிருந்த அன்றைக்கு வீடு கொள்ளாத கூட்டம். அவர் ஒவ்வொருவரிடமும் போய் "சாப்ட்டீங்களா" என்று கேட்டார். எல்லோரும் எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்றார்கள். கோமதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடமும் போய்க் கேட்டார். சாப்ட்டியாம்மா. சாப்ட்டேன்ப்பா. சரி. அடுத்த ஆளிடம் போனார். அவள் முகம் அன்று எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தார். தூண் ஞாபகம் வந்தது. தூணில் மாட்டியிருந்த காலண்டர்கூட ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை.



மத்தியானம் பொன்னுரங்கம் கஞ்சி கொண்டு வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்தான். தரையில் கிடந்த காவித் துண்டுகளைப் பார்த்தான். கஞ்சியை வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை. ஒரு கம்பளியைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டான். மறுபடி வந்து உட்கார்ந்தான். அன்று அடுப்பு வெகுநேரம் அணைந்து கிடந்தது. அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பூசத்தன்று விடிந்தது. கொட்டகை வாசலில் வெயில் விழுந்தபோது முள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. எப்போது சாய்ந்தது என்று அவர் பார்க்கவில்லை. அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனாலும் பார்க்கவில்லை.

அம்மா வந்தார். பேட்டரியை இருவருமாகத் தூக்கி வைத்தார்கள். சிவப்பை முதலில் மாட்டினார்கள், பிறகு கறுப்பு.

"போடுங்க."

ஆவுடையப்பன் உள்ளே உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். கார் முனகவில்லை. தொட்டதும் பிடித்துக்கொண்டது. தகரக் கூரையெல்லாம் அதிர்ந்தது. பச்சைக் கடிகாரம் கண் விழித்தது.

பழக்க தோஷத்தில் அவர் கை சாவிக்குப் போனது. அணைப்பதற்கு.

விரல் சாவியில் பட்டதும் நின்றது. அவர் அந்தக் கையையே பார்த்தார். ஏதோ வேற்றாள் கையைப் பார்ப்பதுபோல. பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கார் ஓடிக்கொண்டிருந்தது.

"பவானிக்கு வழி தெரியும்ல?" என்றார் அம்மா.

"பவானிக்கு இல்லம்மா. அன்னூருக்கு." அவர் பாதையைப் பார்த்தார். "போயி பாத்துட்டு…"

அம்மா சன்னல் வழியாக உள்ளங்கையை நீட்டினார்.

"பாத்துட்டு வர்றதுக்குன்னா சாவியக் குடுத்துட்டு எறங்குங்க, அண்ணாச்சி. கஞ்சி ஆறுது."

ஆவுடையப்பன் சாவியைக் கொடுக்கவில்லை. இறங்கவுமில்லை. கண்ணாடியில் பனி உருகி வழிந்தது. அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது.

"எனக்குக் கேக்க மட்டுந்தாம்மா தெரியும்," என்றார் கடைசியில். "அவ கதவத் தொறந்தா நான் என்ன கேக்கணும்? அத மட்டுஞ் சொல்லுங்க. மனப்பாடம் பண்ணிட்டாவது போறேன்."

அம்மா கையை மடக்கிக்கொண்டார். பலகைமேல் இருந்த சார்ஜர் பெட்டியை எடுத்து, வயர்களைச் சுற்றி, பக்கத்து சீட்டில் வைத்தார். அது இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.

"நேத்திலேருந்து இதுகூடத்தானே இருந்தீங்க," என்றார். "இது பேட்டரிகிட்ட ஏதாவது கேட்டுச்சா?"